495 பந்தயங்கள், ஒரே வெற்றி: வெண்டல் ஸ்காட்டை எதைக் கொண்டு அளப்பது?

அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயங்களில் 495 முறை களமிறங்கி ஒரே ஒரு முறை மட்டும் வென்ற வெண்டல் ஸ்காட்டை, 200 பந்தயங்களை வென்ற ரிச்சர்ட் பெட்டி இடம்பெற்றிருக்கும் அதே புகழ் மண்டபத்தில் எப்படிச் சேர்த்தார்கள், அவர் கறுப்பினத்தவர் என்பதற்காகக் காட்டிய சலுகைதானே அது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் உள்ள எண்கள் எல்லாமே சரியானவை. ஆனால் அவற்றிலிருந்து நீங்கள் வந்தடைந்த முடிவு தவறு என்று உறுதியாக நினைக்கிறேன். அந்த 495 எப்படிச் சேர்ந்தது, அந்த ஒன்று எப்படிக் கிடைத்தது, கிடைத்த பிறகு அது எப்படி அவரிடமிருந்து மறைக்கப்பட்டது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் இந்தப் பந்தயத்தின் பொருளாதாரத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது புரியாமல் எந்த ஓட்டுநரின் கணக்கையும் படிக்க முடியாது. ஸ்டாக் கார் என்றால் கடையில் விற்பனைக்கு இருக்கும் கார் என்றுதான் தொடக்கத்தில் பொருள். 1960-களுக்குள் வெளிக்கூடு மட்டுமே கடைக் காரைப் போல இருந்தது. உள்ளே எஞ்சின், சட்டம், சஸ்பென்ஷன் எல்லாம் பந்தயத்துக்கென்றே வலுவூட்டப்பட்டவை. இந்த வலுவூட்டலுக்குப் பணம் கொடுத்தவர்கள் கார்த் தொழிற்சாலைகள். ஃபோர்டு நிறுவனம் சார்லட் நகரில் இருந்த ஹோல்மன்-மூடி பட்டறையின் வழியாகத் தன் ஓட்டுநர்களுக்குக் கார்களைக் கொடுத்தது. கிரைஸ்லர் நிறுவனம் வட கரோலினாவின் பெட்டி குடும்பத்துக்குத் தன் புதிய எஞ்சின்களையும் உதிரி பாகங்களையும் கொடுத்தது. இப்படித் தொழிற்சாலையின் ஆதரவு பெற்றவர்கள் ஒரு சிலரே. மீதமுள்ள பெருங்கூட்டத்தை அங்கே 'இண்டிபெண்டன்ட்' என்று அழைத்தார்கள். காரை வாங்குவது, பழுது பார்ப்பது, டிரக்கின் பின்னால் கட்டி நூற்றுக்கணக்கான மைல் இழுத்துச் செல்வது, பிறகு அதே காரை ஓட்டுவது என எல்லாவற்றையும் இந்தச் சொந்தக்கால் ஓட்டுநர் தானே செய்வார். டயர் தேய்ந்தாலும் எஞ்சின் வெடித்தாலும் செலவு அவர் தலையில்தான் விழும்.

இரண்டு வகையினருக்கும் இடையிலிருந்த தூரத்தை ஒரே ஒருவரின் கணக்கைக் கொண்டு காட்டலாம். ஹோல்மன்-மூடியின் ஓட்டுநர் ஃபிரெட் லோரன்சன் 1963-ஆம் ஆண்டுப் பருவத்தில் 29 பந்தயங்களில் மட்டும் பங்கெடுத்து, அந்த விளையாட்டில் ஒரே பருவத்தில் 1,00,000 டாலருக்கு மேல் ஈட்டிய முதல் ஓட்டுநர் ஆனார். பரிசு பெரிதாக இருந்த பந்தயங்களை மட்டும் அவர் தேர்ந்தெடுத்து ஓட முடிந்தது. ஸ்காட் போன்றவர்களுக்கு அந்த வசதி கிடையாது. 1964 பருவத்தில் 62 பந்தயங்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை சிறு நகரங்களின் ஓரத்தில், அரை மைல் நீளமே உள்ள தடங்களில் நடந்தவை. கடைசி இடத்தில் வந்தவருக்கும் ஏதோ ஒரு தொகை உண்டு என்பதால், சொந்தக்கால் ஓட்டுநர் இயன்றவரை எல்லாப் பந்தயங்களுக்கும் போயாக வேண்டும். இந்த வாரம் கிடைக்கும் பரிசில்தான் அடுத்த வாரத்துக்கு டயர் வாங்க முடியும்.

இந்த நிலைமை ஓட்டும் முறையையே மாற்றிவிட்டது. தொழிற்சாலைக் காரை ஓட்டுபவர் எஞ்சினை அதன் எல்லை வரை விரட்டலாம். உடைந்தால் மற்றொன்று வரும். சொந்தக்கால் ஓட்டுநர் எஞ்சின் எந்த வேகத்தில் உடையும் என்பதைக் காதால் அறிந்துகொண்டு, அதற்குச் சற்றுக் கீழேயே காரை வைத்து, முன்னால் ஓடுகிறவர்கள் ஒவ்வொருவராக உடைந்து விலகும்வரை பொறுத்திருந்து, ஏழாவதாகவோ ஒன்பதாவதாகவோ முடிக்க வேண்டும். ஸ்காட்டின் 495 பந்தயங்களில் 147-இல் அவர் முதல் பத்து இடங்களுக்குள் வந்திருக்கிறார்; அதாவது பத்தில் ஏறக்குறைய மூன்று. முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தவை 20. இந்த இரண்டு எண்களையும் வெற்றிக் கணக்குக்கு அருகில் வைத்துப் பாருங்கள்: பழைய காரைக் கடைசி வரை கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிந்த ஒரு மெக்கானிக்கின் கைவேலை அதில் தெரியும்.

அவரை யாருடன் ஒப்பிட வேண்டும் என்பதும் இங்கேதான் தீர்மானமாகிறது. தொழிற்சாலையின் முழு ஆதரவுடன் ஓடிய பெட்டியுடன் ஒப்பிடுவது நியாயமாகாது. அவரைப் போலவே சொந்தக் காசில் ஓடிய வெள்ளையர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜே. டி. மெக்டஃபி 653 பந்தயங்களில் ஓடினார், ஒன்றில்கூட வென்றதில்லை. படி அரிங்டன் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பந்தயங்களில் ஓடியும் ஒரு வெற்றி இல்லை. எல்மோ லாங்லி ஐந்நூறுக்கும் மேற்பட்டவற்றில் ஓடி இரண்டை வென்றார். சொந்தக்கால் ஓட்டுநர்களில் தலைசிறந்தவர் என்று பலரும் கருதும் ஜேம்ஸ் ஹில்டன் 602-இல் இரண்டை வென்றார். இந்த வரிசையில் வைத்துப் பார்க்கும்போது ஸ்காட்டின் ஒரு வெற்றி குறைவான எண்ணாகத் தோன்றாது. அந்த வெள்ளையர்களுக்கு இருந்த வறுமை ஸ்காட்டுக்கும் இருந்தது; அவர்களுக்கு இல்லாத வேறொன்றும் அவருக்கு மட்டும் இருந்தது. அதைப் பற்றி இனிச் சொல்கிறேன்.

வெண்டல் ஸ்காட் 1921 ஆகஸ்ட் 29 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடியில், வட கரோலினா எல்லையை ஒட்டியுள்ள டேன்வில் நகரில் பிறந்தார். பஞ்சாலையும் புகையிலையும்தான் அந்த ஊரின் பிழைப்பு. ஆலை வேலைக்குப் போய் ஒரு மேலாளரின் கட்டளைக்குக் கீழே வாழ்நாளைக் கழிப்பதை ஸ்காட் சிறு வயதிலிருந்தே வெறுத்தார். தந்தை கார் மெக்கானிக்; மகனும் அவரிடமிருந்தே தொழிலைக் கற்றுக்கொண்டார். இரண்டாம் உலகப் போரின்போது, கறுப்பினத்தவரைத் தனிப் பிரிவுகளாகப் பிரித்து வைத்திருந்த அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்து, ஐரோப்பாவில் வாகனங்களைப் பழுது பார்த்தார். ஊர் திரும்பி டாக்சி ஓட்டினார், சொந்தமாக ஒரு பட்டறை வைத்தார், இரவில் சாராயம் கடத்தினார்.

கடத்தல் என்று படித்ததும் முகம் சுளிக்க வேண்டாம். அந்த மலைப் பகுதிகளில் வரி கட்டாத விஸ்கியைக் காய்ச்சுவதும் கடத்துவதும் பல குடும்பங்களின் தொழிலாக இருந்தன. ஸ்டாக் கார் பந்தயமே அந்தச் சாலைகளில் பிறந்ததுதான். ஐம்பது பந்தயங்களை வென்ற ஜூனியர் ஜான்சனும் அந்தத் தொழிலில் இருந்து சிறைக்குப் போய் வந்தவர். பின்னிருக்கையையும் டிக்கியையும் நிறைத்த சரக்குடன் விளக்கை அணைத்துவிட்டு வளைந்து செல்லும் சாலைகளில் போலீஸ் காரை முந்த வேண்டுமானால், வெளியே சாதாரணமாகவும் உள்ளே அசாத்தியமாகவும் இருக்கும் ஒரு கார் தேவை. ஸ்காட் அப்படிப்பட்ட கார்களைத் தானே கட்டினார். போலீஸார் அவரைப் பிடித்தது 1949-இல், ஒரே ஒரு முறை; தண்டனையாக மூன்றாண்டுக் கண்காணிப்பு மட்டும் விதித்தார்கள்.

1952-இல் டேன்வில் பந்தயத் தடத்தின் ஏற்பாட்டாளர்களுக்குக் கூட்டம் குறைந்தது. கறுப்பினத்தவர் ஒருவரை ஓட வைத்தால் வேடிக்கை பார்க்கவாவது ஆட்கள் வருவார்கள் என்று நினைத்த அவர்கள், ஊரில் வேகமாகக் கார் ஓட்டும் கறுப்பர் யார் என்று போலீஸாரிடமே விசாரித்தார்கள். துரத்தித் துரத்திக் களைத்துப்போயிருந்த போலீஸார் சொன்ன பெயர் வெண்டல் ஸ்காட். மே 23 அன்று அவர் தன் முதல் பந்தயத்தை ஓடினார். கூட்டத்தில் சிலர் கூச்சலிட்டார்கள். கார் பழுதாகி நின்றது. கேலிப்பொருளாக அழைக்கப்பட்டவர் மறுநாளே காரைச் சரிசெய்து வின்ஸ்டன்-சேலம் நகரில், ஸ்டாக் கார் பந்தயங்களின் முதன்மை அமைப்பான நாஸ்கார் நடத்திய பந்தயத்துக்கு இழுத்துச் சென்றார் என்பதை வைத்து, அந்த ஒரே இரவில் அவர் மனத்தில் என்ன முடிவாகியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். அங்கே அவரைச் சேர்க்க மறுத்தார்கள். அடுத்து அவர் போன ஊரிலும் மறுத்தார்கள். ஆகவே நாஸ்காருக்கு வெளியே இருந்த சிறு பந்தயங்களில் ஓடத் தொடங்கினார். முதல் பந்தயத்திலிருந்து பன்னிரண்டாவது நாள் லிஞ்ச்பர்க் நகரில் ஒரு சிறு பந்தயத்தை வென்றார்.

நாஸ்கார் உரிமம் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதே தனிக் கதை. ரிச்மண்ட் நகரத்துத் தடம் ஒன்றில் பகுதி நேர அலுவலராக இருந்த மைக் போஸ்டன் என்பவர், தலைமையகத்தைக் கேட்காமல் தன் பொறுப்பிலேயே அவருக்கு உரிமம் எழுதிக்கொடுத்தார். உன்னை இடித்துத் தள்ளுவார்கள், தாங்குவாயா என்று மட்டும் கேட்டார். தாங்குவேன் என்றார் ஸ்காட். 1954 ஏப்ரலில் ராலே நகரில் வெள்ளை ஓட்டுநர்கள் எல்லோருக்கும் பெட்ரோல் காசு கொடுத்த ஏற்பாட்டாளர் ஸ்காட்டுக்கு மட்டும் கொடுக்க மறுத்தபோது, அவர் மறுநாள் நாஸ்காரின் நிறுவனர் பில் ஃபிரான்ஸையே நேரில் சந்தித்து முறையிட்டார். ஃபிரான்ஸ் தன் பையிலிருந்து, வர வேண்டிய 15 டாலருக்குப் பதிலாக 30 டாலரை எடுத்துக் கொடுத்து, நிறத்தைக் காட்டி இனி உன்னை யாரும் வேறுபடுத்த மாட்டார்கள் என்று உறுதியளித்ததாக ஸ்காட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த முப்பது டாலர் உண்மையாகவே கொடுக்கப்பட்டது. அந்த உறுதிமொழி காப்பாற்றப்படவில்லை.

கீழ்நிலைப் பந்தயங்களில் அவர் நூற்றுக்கும் மேற்பட்ட வெற்றிகளைப் பெற்றார் என்பதையும், 1959-இல் வர்ஜீனியா மாநிலத்தின் ஸ்போர்ட்ஸ்மன் பிரிவுப் பட்டத்தை நாஸ்காரே அவருக்கு வழங்கியது என்பதையும் உங்கள் கேள்வியில் நான் காணவில்லை. சமமான கார்கள் ஓடிய இடத்தில் அவர் வென்றார். பணம் தீர்மானித்த மேல்நிலையில்தான் வெற்றி அரிதானது.

1961 மார்ச்சில், தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க் நகரில், நாஸ்காரின் உச்சநிலையான கிராண்ட் நேஷனல் தொடரில் அவர் முதன்முறையாகக் களமிறங்கினார். அப்போது அவருக்கு 39 வயது. பலர் ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயது. அவருக்கு முன்பு அந்தத் தொடரில் ஓரிரு கறுப்பினத்தவர் ஒற்றைப் பந்தயங்களில் தோன்றியிருக்கிறார்கள். அதையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டு ஆண்டு முழுதும் ஓடியவர் இவரே. 1962-இல் ஜார்ஜியாவின் சவானா தடத்தில் தகுதிச் சுற்றில் எல்லோரையும்விட வேகமாக ஓடி முதலிடத்திலிருந்து தொடங்கும் வாய்ப்பையும் பெற்றார்.

மனைவி மேரியும் ஏழு பிள்ளைகளும் இந்தத் தொழிலுக்குள் வந்தார்கள். பந்தயத்தின் நடுவே கார்கள் வந்து நிற்கும் தடத்தோர இடமான பிட்டில் மகன்கள் டயர் மாற்றினார்கள், பெட்ரோல் நிரப்பினார்கள். தெற்கு மாநிலங்களின் சாலையோர உணவகங்களில் கறுப்பினக் குடும்பத்துக்கு இடம் தர மாட்டார்கள் என்பதால் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டி எடுத்துச் சென்றார்கள். விடுதியில் அறை கிடைக்காத ஊர்களில் வாகனத்திலேயே தூங்கினார்கள். தென் கரோலினாவின் டார்லிங்டன் தடம் போன்ற பெரிய தடங்கள் பல ஆண்டுகள் அவருக்குக் கதவைத் திறக்கவே இல்லை. பரிசுத்தொகை அதிகமாக இருந்ததும் அத்தகைய தடங்களில்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். தடத்திற்குள் சிலர் வேண்டுமென்றே அவர் காரை இடித்தார்கள். வெள்ளை ஓட்டுநர்கள் தங்களுக்குள் இடித்துக்கொண்டால் பந்தயம் முடிந்ததும் கைகலப்பில் தீர்த்துக்கொள்வார்கள். ஆயிரக்கணக்கான வெள்ளையர் சூழ்ந்திருக்கும் இடத்தில் ஸ்காட் கையை ஓங்கினால் அவர் உயிரோடு ஊர் திரும்புவாரா என்பதே சந்தேகம். ஆகவே கையை ஓங்காமல், உடைந்த காரைத் தட்டி நிமிர்த்தி அடுத்த ஊருக்குக் கொண்டுபோனார். காலம் செல்லச் செல்ல, அவர் உழைப்பை அருகிலிருந்து பார்த்த பல வெள்ளை ஓட்டுநர்கள் அவரை மதிக்கவும், வேண்டாத பாகங்களைக் கொடுத்து உதவவும் தொடங்கினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி அந்த ஒரு வெற்றி. 1963 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. ஃபிளாரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில், ஸ்பீட்வே பார்க் என்ற அரை மைல் மண் தடத்தில் 200 சுற்றுகள். நாள்காட்டியில் 1963 என்றாலும் கணக்கில் அது 1964 பருவத்தின் மூன்றாவது பந்தயம். அந்த ஆண்டு செப்டம்பரில்தான் பர்மிங்காம் நகரத் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு கறுப்பினச் சிறுமிகளைக் கொன்றிருந்தார்கள். ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டு ஒன்பது நாள்களே ஆகியிருந்தன. உணவகங்களிலும் விடுதிகளிலும் நிறப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வருவதற்கு இன்னும் ஏழு மாதங்கள் இருந்தன.

ஸ்காட் ஓட்டியது 1962 மாடல் செவர்லே. நெட் ஜாரட் என்ற சாம்பியன் ஓட்டுநரிடமிருந்து வாங்கிய பழைய கார். செவர்லேயைத் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1963 ஜனவரியிலேயே பந்தயங்களிலிருந்து முற்றிலும் விலகிவிட்டதால், அந்தக் காருக்கு நல்ல பந்தயப் பாகங்கள் கிடைப்பதே அரிதாகியிருந்தது. பதினைந்தாவது இடத்திலிருந்து தொடங்கினார். தடம் குண்டும் குழியுமாகப் பெயர்ந்து கார்களை ஒவ்வொன்றாக உடைத்தது. முன்னிலையில் இருந்த ரிச்சர்ட் பெட்டியின் காரும் பழுதுபட்டு வேகம் குறைந்தது. 175-ஆவது சுற்றில் ஸ்காட் அவரை முந்தினார். அதற்குப் பிறகு யாரும் அவரை முந்தவில்லை.

200 சுற்றுகளை முடித்தார். பந்தயம் முடிந்ததைக் காட்டும் கட்டம் போட்ட கொடி அசையவில்லை. இன்னொரு சுற்று ஓடினார், அப்போதும் அசையவில்லை. அவர் 202-ஆவது சுற்றில் இருந்தபோது, அவருக்கு இரண்டு சுற்றுகள் பின்னால் ஓடிக்கொண்டிருந்த பக் பேக்கருக்குக் கொடி அசைக்கப்பட்டது. 1956, 1957 ஆண்டுகளின் சாம்பியனான பேக்கர் வெற்றி மேடைக்குப் போனார், கோப்பையை வாங்கினார், படம் எடுத்துக்கொண்டார். ஸ்காட் எதிர்ப்புத் தெரிவித்து, கணக்கை மறுபடி பார்க்கச் சொன்னார். சில மணி நேரம் கழித்து, பார்வையாளர்கள் கலைந்து போன பிறகு, வென்றவர் ஸ்காட்தான் என்று அலுவலர்கள் ஒப்புக்கொண்டார்கள். பரிசுத்தொகை அவருக்கு வந்தது; கோப்பை பேக்கரோடு போய்விட்டிருந்தது.

இது வெறும் கணக்குப் பிழையாக இருக்கக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு, அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவும் கூடாது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு காருக்கும் ஒருவர் உட்கார்ந்து, தம் கார் கடக்கும் ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் பார்த்து அட்டையில் குறித்துக்கொள்வார். இறுதியில் அட்டைகளை ஒப்பிட்டு முடிவு சொல்வார்கள். இதில் பிழைகள் நேர்ந்திருக்கின்றன. 1959-இல் முதல் டேட்டோனா 500 பந்தயத்தில் ஜானி பொஷாம்ப் வென்றதாக அறிவித்துவிட்டு, மூன்று நாள்கள் படங்களை ஆராய்ந்த பிறகு லீ பெட்டிதான் வென்றவர் என்று மாற்றினார்கள். ஆனால் அது இரு கார்கள் ஏறக்குறைய ஒன்றாகக் கோட்டைக் கடந்த பந்தயம். ஜாக்சன்வில்லில் இருந்ததோ முழுமையாக இரண்டு சுற்று வித்தியாசம். அதுவும் தடத்தில் மிச்சமிருந்த சில கார்களுக்கிடையே, எல்லோருக்கும் தெரிந்த ஒரே கறுப்பின ஓட்டுநரின் காரைக் கணக்கில் தவறவிட்டார்களாம். வெற்றி மேடையில் வென்றவருக்கு வெள்ளைக்கார அழகி ஒருவர் முத்தம் கொடுத்துக் கோப்பை வழங்கும் வழக்கம் இருந்ததால், அந்தக் காட்சியை ஃபிளாரிடாவின் கூட்டத்துக்கு முன்னால் நடக்கவிடக்கூடாது என்றே தாமதித்தார்கள் என்பது ஸ்காட்டும் அவர் குடும்பமும் இறுதிவரை சொன்ன விளக்கம். தவறு திருத்தப்பட்ட பிறகும் மறுநாளோ மறுவாரமோ கூட்டத்தின் முன் நிறுத்தி அவரை வெற்றியாளர் என்று யாரும் அறிவிக்கவில்லை என்பதைச் சேர்த்துப் பார்க்கும்போது, நான் அந்த விளக்கத்தையே ஏற்கிறேன். சில வாரங்கள் கழித்து, எழுத்துப் பொறிக்காத ஒரு மலிவான மரக் கோப்பையை அவர் கையில் கொடுத்தார்கள்.

இந்த இழப்பைக் காசாகவும் கணக்கிடலாம். ஒரு வெற்றி, அதற்குரிய படம், பத்திரிகைச் செய்தி, மேடையில் நிற்கும் ஓட்டுநரின் தோளில் கைபோட ஓடிவரும் ஸ்பான்சர் என்பதுதான் இந்தத் தொழிலில் ஒருவர் ஏறிச்செல்லும் படிக்கட்டு. ஸ்காட்டின் வெற்றிக்குப் படம் இல்லை. அந்த வெற்றிக்குப் பிறகும் எந்தத் தொழிற்சாலையும் அவருக்கு முழு ஆதரவு தரவில்லை. பெரிய ஸ்பான்சர் எவரும் அவர் காரில் தன் பெயரை எழுதவில்லை.

அப்படியும் அவர் ஓட்டத்தை நிறுத்தவில்லை. ஆண்டு முழுவதற்குமான புள்ளிப் பட்டியலில் 1964-இல் 12-ஆவது இடம், 1965-இல் 11, 1966-இல் 6, 1967-இல் 10, 1968-இலும் 1969-இலும் 9. 1966-இல் ஃபோர்டு நிறுவனம் விதிகளை எதிர்த்துப் பருவத்தின் பெரும்பகுதியைப் புறக்கணித்ததால் முன்வரிசை மெலிந்திருந்தது என்பது உண்மைதான். அதைக் கழித்துவிட்டே பார்ப்போம். 1967-க்குள் ஃபோர்டு திரும்பிவிட்டது, பெட்டி ஒரே பருவத்தில் 27 பந்தயங்களை வென்று எல்லோரையும் மலைக்கவைத்தார். அந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் ஸ்காட் முதல் பத்துக்குள்ளேயே இருந்தார். அவர் மிக அதிகமாக ஈட்டியது 1969-இல், சுமார் 47,000 டாலர். அதில்தான் ஆண்டு முழுவதற்கும் டயர், எஞ்சின், பெட்ரோல், பயணம், வீட்டுச் செலவு எல்லாம். அப்போது அவருக்கு வயது 48.

முடிவு தல்லடேகாவில் வந்தது. அலபாமா மாநிலத்தில் 1969-இல் திறக்கப்பட்ட 2.66 மைல் நீளத் தடம் அது. வளைவுகள் 33 டிகிரி சாய்வு கொண்டவை. 1973 மே 6 அன்று அங்கே 60 கார்கள் தொடங்கின. ஸ்காட் கடன் வாங்கி ஒரு மெர்குரி காரைத் தயார் செய்திருந்தார். வாழ்க்கையில் முதன்முறையாகப் பெரிய தடத்துக்கு ஏற்ற காருடன் போட்டியிடுகிறோம் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. பந்தயம் தொடங்கிய சில நிமிடங்களில், பத்துச் சுற்றுகூட முழுமையாக முடிவதற்குள், முன்னால் சென்ற ஒரு காரின் எஞ்சின் வெடித்து எண்ணெய் சிந்த, இருபதுக்கும் மேற்பட்ட கார்கள் ஒன்றோடொன்று மோதின. ஸ்காட்டின் விலா எலும்புகளும் இடுப்பெலும்பும் உடைந்தன, காலிலும் பலத்த காயம். கார் முற்றிலும் அழிந்தது; கடன் அப்படியே நின்றது. அந்த அக்டோபரில் சார்லட் நகரில் ஒருமுறை திரும்பி வந்து ஓடி 12-ஆவதாக முடித்தார். அதன் பிறகு அந்தத் தொடரில் அவர் ஓடவில்லை. டேன்வில் பட்டறையில் கார்களைப் பழுது பார்த்தபடி வாழ்ந்து, 1990 டிசம்பர் 23 அன்று, முதுகுத்தண்டில் வந்த புற்றுநோயால், 69 வயதில் இறந்தார்.

புகழ் மண்டபத்துக்கு வருகிறேன். 2010-இல் சார்லட் நகரில் திறக்கப்பட்ட அந்த மண்டபத்தில் 2015-ஆம் ஆண்டுக் குழுவாகச் சேர்க்கப்பட்ட ஐவர்: பில் எலியட், ஃபிரெட் லோரன்சன், ஜோ வெதர்லி, ரெக்ஸ் வைட், வெண்டல் ஸ்காட். மேலே சொன்ன அதே லோரன்சன்தான். 158 பந்தயங்களில் 26 வெற்றிகள் பெற்றவர், ஒருபோதும் ஆண்டுச் சாம்பியன் ஆகாதவர். சாம்பியன் பட்டமோ வெற்றிகளின் எண்ணிக்கையோ மட்டுமே அளவுகோல் என்றால் ஓட்டுநரே அல்லாத ஏற்பாட்டாளர்களையும் மெக்கானிக்குகளையும் அங்கே சேர்த்திருக்க முடியாது. அந்த விளையாட்டை உருவாக்கியதில் ஒருவருக்கு இருந்த பங்கையும் வாக்களிப்போர் எடைபோடுகிறார்கள். நாஸ்கார் தெற்கின் வெள்ளையருக்கு மட்டுமான விளையாட்டாக இருந்த காலத்தில் பதின்மூன்று பருவங்கள் தொடர்ந்து ஓடி, ஒரு பந்தயத்தை வென்று, ஆண்டுப் பட்டியலில் நான்கு முறை முதல் பத்துக்குள் வந்தவரின் பங்கு, பட்டம் பெற்ற பலரின் பங்கைவிடப் பெரியது என்பதே என் கணிப்பு. சலுகை என்பது தகுதியில்லாதவருக்குத் தருவது. இவருக்கு நேர்ந்ததோ, சேர வேண்டியது ஐம்பது ஆண்டுகள் தாமதித்துச் சேர்ந்தது.

நீங்கள் கேட்காவிட்டாலும் அந்தக் கோப்பை என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2010-இல் ஜாக்சன்வில் நகரத்துப் பந்தய ஆர்வலர்கள் ஒரு மாற்றுக் கோப்பையைச் செய்து ஸ்காட்டின் குடும்பத்திடம் கொடுத்தார்கள். 2014 அக்டோபரில், டேன்விலுக்கு அருகிலுள்ள மார்ட்டின்ஸ்வில் தடத்தில், பப்பா வாலஸ் என்ற இளம் கறுப்பின ஓட்டுநர் நாஸ்காரின் டிரக் பந்தயம் ஒன்றில் தன் டிரக்கின் எண்ணை மாற்றி ஸ்காட்டின் 34 என்ற எண்ணை எழுதிக்கொண்டு ஓடி வென்றார். நாஸ்கார் தன் பெயரால் கோப்பையைக் குடும்பத்திடம் வழங்கியது 2021 ஆகஸ்ட் 28 அன்று, டேட்டோனாவில். ஸ்காட்டின் நூறாவது பிறந்த நாளுக்கு முந்தைய நாள். ஐந்து வாரங்கள் கழித்து, அக்டோபர் 4 அன்று, அதே பப்பா வாலஸ் உச்சநிலைத் தொடரில் ஒரு பந்தயத்தை வென்று, ஸ்காட்டுக்குப் பிறகு அதை வென்ற முதல் கறுப்பின ஓட்டுநர் ஆனார். அந்தப் பந்தயம் நடந்தது தல்லடேகாவில்.